இடது பக்கத்துப் பெட்டி

மூன்றாவது ஜோடி ஸ்பீக்கரிலும் இடது பக்கத்துப் பெட்டி செத்துக் கிடக்கிறது என்று பாஸ்கல் அத்தான் போன் பண்ணினார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் இரண்டு ஜோடியையும் பைக்கின் பின்னால் கட்டி, டபிள்யூ.ஜி.சி. ரோடு நெரிசலில் ஊர்ந்துபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தவன் நான். கடைக்கார மகாராஜன் அண்ணாச்சியிடம் பேச்சு வாங்கியவனும் நான். கால்மேல் கால் போட்டுப் பாட்டுக் கேட்கப் போகிறவர் மட்டும் அவர்.

"ஏலே டிக்சன், அண்ணாச்சி நம்மள ஏமாத்துதாரு. பழைய சரக்கத் தள்ளிவிடுதாரு," என்றார்.

"மூணும் மூணு கம்பெனிப் பெட்டி அத்தான். மூணுலயும் இடது பக்கம் மட்டுமா கெட்டுப்போவும்?"

"அதத்தான நானும் கேக்கேன். நீ வா. வந்து நீயே கேட்டுப் பாரு."

போனேன். போகாமல் இருக்க முடியாது. நான் அவருக்குக் கயிறு பிடிக்கிறவன்.

இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் கரையான திரேஸ்புரத்தில் சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையைப் படகில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சினனாக இருக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. கூடப் பிறந்தவனை நம்ப மாட்டார்கள், பங்கு கேட்கிறவன். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ என்றால் அக்காள் தங்கச்சி தாலி அறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்று கணக்கு. இப்போது தலைக்கு மேலே கம்ப்ரசர் ஓடுகிறது, வாயில் காற்றுக்குழாய் இருக்கிறது. ஆனாலும் கயிறு போகவில்லை. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியமும் இடுப்பில் கயிறும் இல்லாமல் எங்கள் ஆட்கள் தண்ணீரில் இறங்குவதில்லை. உத்தரியம் மாதா பொறுப்பு, கயிறு மச்சினன் பொறுப்பு. என் அக்கா விஜிலாவை அவர் கட்டிய வருஷத்திலிருந்து அந்தக் கயிறு என் கையில்தான் இருக்கிறது.

அவர்கள் குடியிருப்பது மட்டக்கடைப் பக்கம், இரண்டாவது மாடி. ஒரே மகள் ஜெப்ஸி நர்சிங் படிக்கப் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. சின்ன அறை. கட்டிலைப் போட்டால் நடக்க இடம் இருக்காது. அதைப் பாட்டுக் கேட்கிற அறையாக்கப் போகிறேன் என்று அத்தான் கிளம்பினார். எனக்குப் பாட்டு என்றால் மினிபஸ்ஸில் ஓடுவதுதான். அவர் அப்படி இல்லை. கரையில் இருக்கிற நேரமெல்லாம் அவர் காதில் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கடலுக்கு அடியில் அவ்வளவு அமைதியாக இருந்துவிட்டு வருகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

சீசன் இல்லாத இந்த மாதங்களில் அவருக்கு வேலை யூடியூப் பார்ப்பது. கட்டுப்படியாகிற விலையில் நல்ல பெட்டி எது என்று யார் யாரோ பேசுவதைக் கேட்டுவிட்டு, அந்தப் பாடத்தை எனக்கு நடத்துவார். சின்ன ரூமுக்கு ஆளுயரப் பெட்டி ஆகாதாம், பேஸ் சுவரில் மோதிக் குமுறுமாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாதாம். இரண்டு பெட்டியும் நாற்காலியும் முக்கோணமாக, மூன்று பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். அப்படி வைத்தால் பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், காற்றில் நின்று பாடுவது மாதிரிக் கேட்குமாம். அந்த முக்கோணத்தை அளக்க அவர் எடுத்தது என் கயிற்றை. தரையில் அதை இழுத்துப் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

முதலில் வாங்கியது யாரோ உபயோகித்த ஆளுயரப் பெட்டி. விலை மலிவு என்று, யூடியூப் சொன்னதையும் மீறி வாங்கினார். கீழ்வீட்டு சீனித்தாய் மதினி படியேறி வந்து, "தம்பி, எங்க பாத்திரமெல்லாம் ஆடுது," என்றதும் அந்த ஆசை போனது. கூடவே இடது பக்கம் சத்தம் கம்மி என்றும் அத்தான் சொன்னார். அடுத்தது மேஜையில் வைக்கிற சின்னப் பெட்டி, ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும். அதிலும் இடது கம்மி. மூன்றாவதாக மரப்பெட்டி, நல்ல கம்பெனி. அண்ணாச்சி கடையில் வைத்துப் போட்டுக் காட்டித்தான் கொடுத்தார். அன்றைக்குக் கடையிலேயே அத்தான் முகத்தைச் சுளித்தார்.

"இடது பக்கம் கம்மியா இருக்கு அண்ணாச்சி," என்றார்.

அண்ணாச்சி பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். கடைக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண்ணைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். எங்கள் மூன்று பேருக்கும் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"தம்பி, ஒங்களுக்குப் பெட்டி பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. சரக்கு மேல பழி போடாதீங்க," என்று அண்ணாச்சி சொன்னார். அவர் குரல் கடுமையாகத்தான் இருந்தது. அதில் ரோஷப்பட்டுத்தான் அத்தான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார்.

இப்போது அந்த அறையில், சாக்பீஸ் கோட்டில், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாக் கேளு. அந்தப் பொம்பள நடுவுலயா நின்னு பாடுதா? வலது பக்கமா போயி நிக்கா. இடது பெட்டி இழுக்க மாட்டேங்குது."

நான் அவர் தலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தப் பெண் நடுவில்தான் நின்று பாடினாள். இத்தனை நாள் யூடியூப் பாடத்தை நான் நம்பியதில்லை. அன்றைக்குத்தான் நம்பினேன். பெட்டி இருந்த இடத்தில் அவள் குரல் இல்லவே இல்லை, இரண்டுக்கும் நடுவே வெறும் சுவரிலிருந்து வந்தது.

"தண்ணி எடுத்துட்டு வாங்க அத்தான், தொண்ட காயுது," என்றேன். அவர் அடுப்படிக்குப் போனதும் அவசர அவசரமாக இரண்டு பெட்டியையும் இடம் மாற்றி வைத்தேன். இடதில் இருந்ததை வலதுக்கு, வலதில் இருந்ததை இடதுக்கு. வயரும் பெட்டியோடு போனது. பெட்டியில் கோளாறு என்றால் இப்போது வலது பக்கம் கம்மியாக வேண்டும். சண்டையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு நினைப்பு கிடையாது.

தம்ளரோடு வந்து உட்கார்ந்தார். கேட்டார்.

"இப்பவும் அப்படித்தான் இருக்கு. இடதுதான்," என்றார்.

அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கினேன். தண்ணீரைக் குடித்தேன். பிறகு, "அத்தான், நாற்காலியத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகக் காட்டி உக்காருங்க," என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா உக்காருங்களேன்."

உட்கார்ந்தார். முகம் கதவைப் பார்த்து இருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வலது கையைத் தூக்கி, தோளுக்குப் பின்னால் காட்டினார். "அவ இந்தப் பக்கம் வந்துட்டா. அந்தப் பக்கத்துப் பெட்டி அடங்கிப் போச்சு."

அடங்கிப் போச்சு என்று அவர் சொன்ன பெட்டி, சற்று முன்னால் நன்றாகப் பாடுகிறது என்று அவரே சொன்ன பக்கத்துப் பெட்டி. மாறியது பெட்டி இல்லை. அவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதோடு சேர்ந்து கோளாறும் திரும்பியது.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. கை அப்படியே தோளில் நின்றது. நான் போய்ப் பாட்டை நிறுத்தினேன்.

"எந்நாளுல இருந்து அத்தான்?"

"என்னது எந்நாளுல இருந்து?"

"இடது காது."

"காதுக்கு என்ன? கொஞ்சம் தண்ணி நிக்குது. வெயில் அடிச்சா வத்திரும்."

"போன சீசன் முடிஞ்சு எவ்வளவு வெயில் அடிச்சிருக்கு. இன்னுமா வத்தல?"

அவர் எழுந்து நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டார். மெதுவாக, கோட்டின்மேல் சரியாக வைத்தார். எனக்குப் போன சீசனின் கடைசி நாட்களில் ஒரு காலை ஞாபகம் வந்தது. கடலடியில் சங்கு கிடக்கிற பாறை மேட்டைப் பார் என்போம். அன்றைக்குப் பாரில் ஆழம் அதிகம். மேலே வருகிறேன் என்று அவர் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தார். ஆனால் கயிறு மேலே வரவில்லை, பக்கவாட்டில் ஓடியது. நான் விடாமல் இழுத்தேன். படகில் ஏறியதும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். காலையில் தின்ற மீன்குழம்பு சரியில்லை என்றார். அதே குழம்பைத்தான் நானும் தின்றிருந்தேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கயிறு ஏன் பக்கவாட்டில் போனது என்று இப்போது தெரிந்தது.

காது போன குளியாளியைப் பற்றி எங்களில் தெரியாதவர் கிடையாது. கரையில் நன்றாக இருப்பான். கீழே குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் ஏறியதும் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. புன்னைக்காயலில் ஒருத்தர் அப்படி இறங்கி, மேலே வருவதாக நினைத்துக்கொண்டு பாறைக்கு அடியில் நீந்திப் போய்விட்டார். கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. இழுத்த மச்சினன் இன்றைக்கும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

"திங்கக்கிழம இறங்க வேண்டாம் அத்தான்," என்றேன். காற்று தணிந்துவிட்டது, திங்கட்கிழமை சீசனின் முதல் இறக்கம் என்று டெரன்ஸ் அண்ணன் சொல்லியிருந்தார். படகு அவருடையது. முதல் இறக்கம் எப்போதும் பாஸ்கல் அத்தானுக்குத்தான்.

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர்ட்டயே போவோம். வாங்க, நாளைக்கே போவோம்."

"டாக்டர் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்." அதைச் சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "ஏலே, இந்த ஊருல கண்ணக் கட்டி விட்டாலும் பாருல சங்கெடுக்க என்ன விட்டா ஆளு உண்டா? கரையில நிக்க பாஸ்கல எவனுக்குத் தெரியும்? கடைக்குப் போனா ஒரு டீ ஓசியில தருவானா? ஒரு காதுதான போச்சு. இன்னொண்ணு இருக்குல்லா."

"காது கேக்கதுக்கு மட்டும் இல்ல அத்தான்."

"விஜிலாட்ட வாயத் தொறந்த, அதோட நமக்குள்ள முடிஞ்சு போச்சு. பாத்துக்க."

நான் படியிறங்கினேன். பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அவர் செத்தால் செத்துப் போகட்டும் என்று விட முடிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கயிறு அவர் இடுப்பில் மட்டுமா கட்டியிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னல, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? அந்தப் பெட்டிக்கா இவ்வளவு சண்ட?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அவரும் இதையேதான் சொல்லுதாரு." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "இப்பல்லாம் ஒரு மாதிரியாத்தான் இருக்காரு. கட்டில்ல இத்தன வருஷமா சுவத்துப் பக்கம் படுத்தவரு, திடீர்னு என்ன அந்தப் பக்கம் போகச் சொல்லுதாரு. ஜெப்ஸி போன் பண்ணுனா போன வலது காதுல வச்சிக்கிட்டு, என்ன பேசாத பேசாதங்காரு. வயசாவுதுல்லா."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளே முக்கால்வாசி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், மீதியை நான் சொன்னால் போதும். ஆனால் அவள் சொன்னால் அத்தான் கேட்பாரா? கேட்க மாட்டார். அழுவாள், அவர் கத்துவார், காலையில் இன்னும் வீம்போடு கிளம்பிப் போவார். பெண்டாட்டி அழுததால் பின்வாங்கினான் என்று பெயர் வாங்குகிற ஆள் இல்லை அவர்.

"நாளைக்கு மொத எறக்கம்," என்றாள் அக்கா. "மத்தவளுவ எல்லாம் பயந்துக்கிட்டுக் கெடப்பாளுவ. எனக்கு அது கெடையாது. கயிறு ஒன் கையிலல்லா இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனேன். போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் என்ன என்று யோசிக்காமல் இல்லை. நான் வராவிட்டால் அத்தான் வேறு ஒருவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். செந்தில்முருகன் இருக்கிறான். திருச்செந்தூர்க்காரன், சங்கு குளிக்கிற குடும்பம் இல்லை, எங்கேயோ ஸ்கூபா படித்துவிட்டு வந்து எங்களோடு சேர்ந்தவன். மச்சினன் வழக்கமெல்லாம் அவனுக்குக் கேலி. "சேஃப்டிக்கு ஆளு முக்கியமா, சொந்தம் முக்கியமா அண்ணே?" என்பான். அவன் யார் கயிற்றையும் பிடிப்பான். அதனால் நான் படகில் இருந்தாக வேண்டும்.

படகில் டெரன்ஸ் அண்ணன், அத்தான், செந்தில்முருகன், நான். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. வழி நெடுகப் படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து, காற்றுக்குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்த கயிற்றை அவிழ்ப்பதும் சுருட்டுவதுமாக இருந்தேன். துறைமுகத்துக் கிரேன்கள் பின்னால் சிறுத்துப் போயின. முயல்தீவுக் கலங்கரை விளக்கைத் தாண்டி வெகுதூரம் போனதும் டெரன்ஸ் அண்ணன் எஞ்சினை அணைத்தார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. படகின் வலது பக்கத்தில் மட்டும் அலை தட்டிக்கொண்டிருந்தது.

அத்தான் சட்டையைக் கழற்றினார். உத்தரியத்தைத் தொட்டுக் கும்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. என்னை நம்ப முடியாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"பிடில," என்றார்.

"பிடிக்க மாட்டேன் அத்தான்."

டெரன்ஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக அவர் படகில் இந்த வார்த்தையை யாரும் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். "என்னல டிக்சன், வெளையாடுதியா?"

"வெளையாடல அண்ணே. இவரு இன்னைக்கு எறங்கக் கூடாது. இவருக்கு இடது காது போச்சு."

"பொய்," என்றார் அத்தான். குரல் உயரவில்லை. "ஒரு ஸ்பீக்கருக்காவ ரெண்டு நாளா எங்கூட மல்லுக்கு நிக்கான். அந்தக் கடுப்புல சொல்லுதான். எனக்கு ஒரு மண்ணும் இல்ல அண்ணே. நீங்க சொல்லுதது எல்லாம் நல்லாத்தான கேக்குது?"

அது உண்மைதான். டெரன்ஸ் அண்ணன் அவருக்கு நேர் எதிரே நின்றுதான் பேசினார், நன்றாகக் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முதல் இறக்கத்தை வெறுங்கையோடு திருப்பிக் கொண்டுபோக எந்தப் படகுக்காரனுக்கும் மனசு வராது.

"சரி, நீ பிடிக்காண்டாம்," என்று அத்தான் கயிற்றை என்னிடமிருந்து திருப்பினார். "செந்திலு, நீ வா. நீதான் எப்பமும் சொல்லுவியே, சொந்தம் எதுக்குன்னு. பிடி."

செந்தில்முருகன் எழுந்து வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். கையில் ஒரு சுற்றுச் சுற்றியும்விட்டான். பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அத்தான் காற்றுக்குழாயை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

டெரன்ஸ் அண்ணன் கம்ப்ரசரைப் போடப் போவதுபோல எழுந்து, படகின் இடது ஓரமாக நடந்தார். அத்தானைக் கடக்கும்போது அவர் இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். குனிந்து கம்ப்ரசர் வயரை எடுத்தபடி, மெல்லிய குரலில் சொன்னார்:

"பாஸ்கலு, ஒன் உத்தரியம் அந்து தொங்குது பாரு."

என் கை என்னை அறியாமல் என் கழுத்துக்குப் போனது. செந்தில்முருகனுக்கு உத்தரியம் கிடையாது, முருகன் டாலர்தான். அவன் கையும் அதைத் தேடிப் போனது. சொன்ன டெரன்ஸ் அண்ணனே தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறங்கப் போகிற நேரத்தில் அந்த வார்த்தை காதில் விழுந்தால், எங்கள் ஆட்களில் செத்துக்கொண்டிருக்கிறவனும் கழுத்தைத் தொடுவான்.

அத்தான் தொடவில்லை. வலது காதுப் பக்கம் அலை தட்டுகிற சத்தம்தான் அவருக்கு. குழாயின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிமிர்ந்தார். நாங்கள் மூன்று பேரும் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். உத்தரியம் அறாமல் அங்கேயே இருந்தது. அதைப் பிடித்தபடி, இடது பக்கம் தலையைத் திருப்பி, அங்கே நின்றுகொண்டிருந்த டெரன்ஸ் அண்ணனைப் பார்த்தார்.

"என்னமும் சொன்னீகளா அண்ணே?" என்றார்.

டெரன்ஸ் அண்ணன் வயரைக் கீழே வைத்தார். செந்தில்முருகன் கையில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்றினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவனாக, குனிந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் வழக்கத்தைக் கேலி பண்ணி நான் கேட்டதில்லை.

அத்தானை நான் அடிக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு. அப்போது அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எஞ்சின் ஓட ஆரம்பித்தது, படகு திரும்பியது. அவர் அணியத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடுப்பில் முடிச்சு அப்படியே இருந்தது, கயிறு படகின் நீளத்துக்குக் கிடந்தது. தோள் ஒரு தடவை குலுங்கிய மாதிரி இருந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

முயல்தீவு தெரிய ஆரம்பித்தபோது கயிற்றின் என் முனையை எடுத்தேன். சுருட்டிக்கொண்டே அவரை நோக்கிப் போனேன். அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கயிறு தீர்ந்து, சுருள் அவர் இடுப்பில் முட்டி நின்றது.

அவர் அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப பெட்டியில ஒரு கோளாறும் இல்ல," என்றார்.

"இல்ல அத்தான்."

"மூணு ஜோடியிலயும்?"

"மூணுலயும் இல்ல."

"அண்ணாச்சியப் போயி திருடன்னு சொல்லிட்டேனே." மூக்கை உறிஞ்சினார். "அந்த மரப்பெட்டியத் திருப்பிக் குடுத்துராத."

"இடது பெட்டிய என்ன செய்ய?"

அவர் குனிந்து இடுப்பு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரம் படாத கயிறுதான், ஆனாலும் சீக்கிரம் அவிழவில்லை. நகத்தால் நெம்பி அவிழ்த்து, அந்த முனையையும் சுருளின்மேல் வைத்தார்.

"அதுவும் இருக்கட்டும்," என்றார். "ஒங்க அக்கா அந்தப் பக்கம் உக்காந்து கேப்பா."